திரையில் வராத பொறியாளர்

கணித மேதை ஆலன் டூரிங்கின் வாழ்க்கையைச் சொல்லும் ஆங்கிலப் படம் 'தி இமிடேஷன் கேம்'. 2014-இல் வெளிவந்தது. இன்று கீழப்பாவூர் மாணவர்கூடக் கைப்பேசியிலேயே அதைப் பார்த்துவிடலாம். பார்க்கத் தக்க படந்தான். ஆனால், அதை அறிவியல் வரலாறாகக் கொள்வோமானால் பெரிய குறை ஒன்று தென்படுகிறது.

இரண்டாம் உலகப் போரில் டூரிங் ஒரு பொறியை அமைத்து, ஜெர்மானியரின் 'எனிக்மா' ரகசியக் குறியை உடைப்பதாகப் படம் காட்டுகிறது. முடிவில், அவர் சிந்தனையிலிருந்தே இன்றைய கணிப்பொறி வந்தது என்று திரையில் எழுத்துகள் தோன்றுகின்றன. பார்ப்பவர் இரண்டையும் இணைத்து, அந்தப் பொறியே முதல் கணிப்பொறி என்று எண்ணிவிடுவார். அது சரியன்று. அது உருளைகள் சுழலும் மின்-இயந்திரம். அதைச் செய்து முடித்த பொறியாளர் ஹெரால்ட் கீன். மின்னணுக் கணிப்பொறியோ, அதே பிளெட்ச்லி பார்க் நிலையத்தின் வேறொரு வேலைக்காகப் பிறந்தது. அதைப் படைத்த டாமி ஃபிளவர்ஸ் படத்தில் தலைகாட்டுவதே இல்லை.

யார் இவர்? 1905-இல் கிழக்கு லண்டனில் ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தவர். தொழில் பழகிக்கொண்டே மாலை வகுப்புகளில் படித்துப் பொறியாளரானார். வேலை பார்த்தது அஞ்சல் துறையில். அஞ்சல் துறைக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு? அந்நாளில் பிரிட்டனில் தொலைபேசியும் அத்துறையிடமே இருந்தது.

தொலைபேசி இணைப்பகங்களில் வால்வுகளைப் பயன்படுத்துவது பற்றி 1930-களிலேயே அவர் ஆராய்ந்தார். வால்வு என்பது குளத்து மடை போன்றது. கீழப்பாவூர்க் குளத்தில் மடையின் ஷட்டரை ஏற்றினால் நீர் பாய்கிறது, இறக்கினால் நிற்கிறது. அவ்வாறே வால்வில் சிறு மின்னழுத்தம் ஒன்று மின்னோட்டத்தை விடுகிறது, நிறுத்துகிறது. அசையும் உறுப்பு ஏதும் இல்லாததால், நொடியில் பல்லாயிரம் முறை இது நடக்கும்.

ஜெர்மன் படைத்தலைமை பயன்படுத்திய 'லோரன்ஸ்' பொறியில் 12 சக்கரங்கள் இருந்தன. அவற்றின் தொடக்க நிலையைக் கண்டறிய எண்ணற்ற ஒப்பீடுகள் தேவைப்பட்டன. சுமார் 1,600 வால்வுகளைக் கொண்டு இதைச் செய்யலாம் என்றார் ஃபிளவர்ஸ். வால்வுகள் அடிக்கடி பழுதாகுமே என்று மற்றவர்கள் ஐயுற்றனர். அணைத்து அணைத்து ஏற்றினால்தான் வால்வு கெடும், அணைக்காமல் விட்டால் நெடுநாள் உழைக்கும் என்பதை அவர் தம் அனுபவத்தில் அறிந்திருந்தார். சொந்தப் பணத்தையும் செலவிட்டுத் தம் குழுவினருடன் 11 மாதங்களில் 'கொலோசஸ்' பொறியை முடித்தார். அது 1944 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கி, துளையிட்ட காகித நாடாவை நொடிக்கு 5,000 எழுத்துகள் வீதம் படித்தது.

போர் முடிந்ததும் ரகசியம் காக்கும்படி ஆணை வந்தது. வரைபடங்களைத் தம் கையாலேயே எரித்தார். கிடைத்த 1,000 பவுன் பரிசு சொந்தச் செலவுக்கே போதவில்லை. இதைப் போன்ற பொறி ஒன்றைக் கட்டக் கடன் கேட்டபோது, அது இயங்காது என்று வங்கி மறுத்துவிட்டது. முன்பே கட்டியிருக்கிறேன் என்று அவரால் சொல்ல முடியுமா? 1946-இல் அறிவிக்கப்பட்ட அமெரிக்காவின் 'எனியாக்' பொறியே முதல் மின்னணுக் கணிப்பொறி என்று உலகம் நம்பியது. 1970-களில்தான் ரகசியம் வெளிவரத் தொடங்கியது. நியூகாசில் பல்கலைக்கழகம் 1977-இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1998-இல் மறைந்தார்.

டூரிங்கின் புகழைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஃபிளவர்ஸையும் மிகைப்படுத்த வேண்டாம். கொலோசஸ் எல்லா வேலைகளையும் செய்யும் பொதுக் கணிப்பொறி அன்று. அவரும் தனி ஆளாக அதைக் கட்டவில்லை. பிராட்ஹர்ஸ்ட், சாண்ட்லர், கூம்ப்ஸ் ஆகிய பொறியாளர்கள் உடன் உழைத்தனர். பொறியை இயக்கியவர்கள் கடற்படைப் பெண்கள்.

ஓர் அறை, ஒரு மேதை, ஒரு பொறி என்று கதையைச் சுருக்கியதே படத்தின் குறை. இதைப் பார்த்து வளரும் மாணவர், கண்டுபிடிப்பு மேதைகளுக்கே உரியது என்று ஒதுங்கிவிடக்கூடும். வால்வை அணைக்காதே என்னும் பட்டறை அறிவு இல்லாமல் கொலோசஸ் உருவாகியிராது. பாலிடெக்னிக்கில் பற்றவைப்புக் கோலைப் பிடிக்கும் மாணவருக்கு டூரிங்கின் பெயரோடு ஃபிளவர்ஸின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.