ஆளி எப்போது யாளி ஆனது?

யாளி டைனோசர் காலத்து மிருகம், குமரிக்கண்டத்தோடு அழிஞ்சு போச்சு என்று ஒரு கதை வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாரூரில் இருந்து ஓசூர் போகும் கம்பெனி பஸ்ஸில் வாரம் ஒருமுறையாவது யாராவது காட்டிவிடுவார்கள். ஆயிரம் வருஷம் பிந்திய தூணைக் காட்டி அதற்கு முந்திய சொல்லுக்கு அர்த்தம் சொல்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்குது.

சங்கப் பாட்டில் அது ஆளி. பொருநராற்றுப்படை கரிகாலனை, பால்குடி மறக்குமுன்னே முதல் வேட்டையில் களிற்றை அடித்த ஆளிக்குட்டியோடு ஒப்பிடுகிறது. குறிஞ்சிப்பாட்டில் தலைவன் இரவில் வரும் வழியின் ஆபத்துகளைத் தோழி அடுக்குகிறாள்: புலி, ஆளி, கரடி, காட்டுமாடு, களிறு. அந்த வரிசையில் ஆளி அதுபாட்டுக்கு நிற்கிறது. இரண்டு இடத்திலும் அதற்குத் தும்பிக்கை இல்லை, தந்தம் இல்லை. அகராதிகள் சிங்கம் என்றும் பொருள் தருகின்றன.

'யானை + ஆளி = யாளி' என்று பிரிப்பவர்கள் உண்டு. அழகான பிரிப்பு, ஆனால் தேவையில்லாதது. யாடு - ஆடு, யாமை - ஆமை, யானை - ஆனை. இதே ஜோடிதான் யாளி - ஆளி. வடமொழி 'வ்யால'வில் இருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. கொடிய விலங்கு, பாம்பு என்றெல்லாம் பொருள்படும் அந்தச் சொல் தமிழில் 'வியாளம்' என்று தனியாகவே வந்திருக்கிறது. சிற்ப நூல்களின் வ்யாலமும் காட்டுப் பாட்டின் ஆளியும் ஓசை நெருக்கத்தால் ஒன்றாகிவிட்டன என்பது என் கணிப்பு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஓசூரில், மூன்று பேருக்கும் யாளி தெரியும். யாருடையது என்ற சண்டை இங்கே எடுபடாது.

உருவம் பிறகு வளர்ந்தது. சாளுவன்குப்பத்தில் பல்லவர் குடைந்த பாறையைச் சுற்றி 11 யாளித் தலைகள். ஜனங்கள் அதற்கு வைத்த பேர் புலிக்குகை! வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு வரும்போது, விஜயநகரக் காலத்தில், அது தூணோடு தூணாக எழுந்து பாய்கிறது. கோடிங்கில் வேரியபிள் பேர் அப்படியே இருக்கும், உள்ளே மதிப்பு மட்டும் மாறிக்கிட்டே போகும்; அந்த மாதிரிதான்.

வீணைத் தண்டின் முனையிலும் யாளித் தலைதான் வளைந்து நிற்கிறது. டைனோசர்காரர்கள் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ தெரியலை.