ஒற்றைக் கை தாங்கும் சக்கரம்

பழைய பஜாஜ் சேத்தக்கில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போகிறவர்கள், ஆலப்பாக்கம் பக்கம் ஆடு குறுக்கே வந்தாலும் முன் பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார்கள். அழுத்திப் பிடித்தால் வண்டி முன்னால் குத்தும். அது பழுதல்ல, பிறவிக் குணம்.

1972-இல் வந்த சேத்தக், இத்தாலிய வெஸ்பாவின் வாரிசு. 1946-இல் வெஸ்பாவை உருவாக்கிய கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். சக்கரத்தை இருபுறமும் கவ்வும் ஃபோர்க்கை அவர் விட்டுவிட்டார். ஹேண்டில்பாரிலிருந்து இறங்கும் ஒரே குழாய், அதன் அடியில் பின்னோக்கி நீளும் ஒரு சிறு கை, நுனியில் சக்கரம். பஞ்சரானால் நட்டுகளைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிவிட்டுக் கிளம்பலாம். இதைவிட அழகான முன்பக்கம் எந்த ஸ்கூட்டருக்கும் அமையவில்லை என்பேன்.

குத்துவதற்குக் காரணம் பிரேக் தகடு. அது அந்தக் கையோடு பிணைந்திருக்கிறது. பிரேக் பிடித்ததும் உருளும் சக்கரம் தகட்டையும் தன்னோடு சுற்றப் பார்க்கும். பின்னோக்கிய கை அந்த முறுக்கில் மேலேறும், ஸ்பிரிங் அமுங்கும். கையை முன்னோக்கி வைத்தால் எல்லாம் தலைகீழ். 1955 முதல் 1969 வரை பி.எம்.டபிள்யூ. தன் மோட்டார் சைக்கிள்களில் பயன்படுத்திய எர்ல்ஸ் ஃபோர்க் அந்த வகை. அழுத்திப் பிடித்தால் முன்பக்கம் எழும்பும்!

முன்பக்கம் குத்துவதும் எழும்புவதும் சொகுசுக் கணக்கு மட்டுமல்ல. ஹேண்டில்பார் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டிப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். அந்த இடைவெளியே வண்டியை நேராக ஓட வைக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களை இருபுறமும் கொண்ட டெலஸ்கோபிக் ஃபோர்க் அமுங்கும்போது அச்சு நிமிர்ந்து இடைவெளி சுருங்கும், ஹேண்டில்பார் இலகுவாகும். வளைவுக்குள் பாயும் பந்தய வீரருக்கு அது வரம். மழையில் சிதம்பரம் கீழவீதியில் சட்டென்று நிறுத்துகிறவருக்கு அந்தத் துடுக்கு தேவையில்லை. 1993-இல் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்த டெலிலீவர் என்ற முன்பக்க அமைப்பு, பிரேக் சுமையின் பெரும்பகுதியைத் தனிக் கைக்கு மாற்றி இடைவெளியைக் காப்பாற்றியது. தரையின் பிடிமானம் கைக்குத் தெரியவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். நான் டெலிலீவர் கட்சி. தாங்குவது, திரும்புவது, நிறுத்துவது மூன்றையும் இரண்டு குழாய்களின் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஸ்கூட்டர்களும் அந்தப் பக்கமே போகின்றன: ஆக்டிவா 2020-இல் டெலஸ்கோபிக்குக்கு மாறியது. முன்சக்கரமும் 12 அங்குலமாக வளர்ந்ததால் குழிகளில் அது தேறியிருப்பதை மறுக்க முடியாது. சேத்தக் இன்னும் வைத்திருப்பவர்கள் கை சுழலும் இடத்து பேரிங்கை அடிக்கடி பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. தெரிந்தால், கடற்கரையோர உப்புக்காற்றில் கிரீஸ் வறண்டு பேரிங் தேய்ந்திருக்கலாம். அதை மாற்றினாலே ஹேண்டில்பார் உதறல் பெரும்பாலும் நின்றுவிடும்.