சித்தப்பாவின் பேரம்

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிப் பழகியவர் சித்தப்பா. அங்கே மாட்டின் பல்லைப் பார்ப்பார். கார் ஷோரூமில் வண்டி தயாரான மாதத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்கவே இல்லை. "ஆன்ரோடு விலையைப் பிரிச்சு எழுதிக் கொடுங்க தம்பி" என்றார். தாள் வந்தது. சாலை வரியையும் பதிவுக் கட்டணத்தையும் தொடவில்லை. அவை அரசாங்கத்துக்குப் போகிறவை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்குப் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ் வரியையும் விட்டுவிட்டார். அதை வருமான வரிக் கணக்கில் நேர்செய்துகொள்ளலாம். பேனா இன்சூரன்ஸில் நின்றது, பிறகு ஹேண்ட்லிங் சார்ஜில்.

இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியே வாங்கிய கொட்டேஷனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி, மேஜையில் வைத்தார். அப்புறம் பேச்சே இல்லை. காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். "மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன் சார்" என்று விற்பனைப் பையன் மூன்று தடவை உள்ளே போய் வந்தான். ஹேண்ட்லிங் சார்ஜ் கழன்றது, இன்சூரன்ஸ் இறங்கியது, தரை விரிப்பு இலவசமாக ஏறியது.

"இன்னும் கேட்டிருக்கலாமே சித்தப்பா?"

"அடிமாட்டு விலைக்குக் கேட்கக் கூடாதுப்பா. நாளைக்கு சர்வீஸுக்கு இங்கதானே வரணும்?"

வண்டி வாங்கப் போகிறவர்களே, முன்பணம் கட்டுமுன் அந்தப் பிரித்தெழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். பேரம் அங்கேதான் தொடங்குகிறது.