முப்பத்தைந்துக்கு முந்திய வலி

இலங்கையின் தாய்சேய் நலத் திட்டத்தைக் குறை சொல்ல வருபவர் அதன் சாதனையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் அகதிகளாய் வந்து ஊன்றிய புத்தளத்துப் பாலாவிக் குடியிருப்புகள் வரை மருத்துவ மாதுவின் பதிவேடு எட்டுகிறது. அதே திட்டம் இடுப்புக்குழி அழற்சியை, அதாவது கருப்பையிலும் கருக்குழாய்களிலும் தொற்றால் வரும் அழற்சியை, எப்படிக் கையாள்கிறது என்பதே நம் கேள்வி.

1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் இதற்கு விடையாகாது. பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து என்று அது பார்ப்பவை சரியானவை. முப்பத்தைந்து வயதை இலக்காக வைத்ததும் புற்றுநோயைப் பொறுத்தவரை நியாயமே. ஆனால் கிளமிடியாவும் கொனோரியாவும் கருக்குழாய்க்கு ஏறி இந்த அழற்சியை உண்டாக்குவது பெரும்பாலும் இருபத்தைந்துக்கு உட்பட்ட பெண்களில்.

மற்றக் கருவி, அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அட்டவணை. அதில் வெள்ளைபடுதலுக்கான பகுதி பலவீனமானது: கிளமிடியா தொற்றிய பெண்கள் பலருக்கு அறிகுறியே இராது; அறிகுறி உள்ள பலருக்குக் கிளமிடியா இராது. அடிவயிற்று வலிக்கான பகுதி வேறு தரம். கருப்பைக் கழுத்தை அசைக்கையில் நோவு, கருப்பையில் நோவு, அதன் பக்கங்களில் நோவு. வலிக்கு வேறு காரணம் தெரியாவிட்டால் இவற்றுள் ஒன்றே சிகிச்சை தொடங்கப் போதும். இந்தத் தாழ்ந்த வாசலால் சிலர் வீணாக மருந்து உட்கொள்வர். அது ஏற்கத்தக்க விலை. சுவீடனின் லுண்ட் நகரில் வெஸ்ட்ரோம் என்ற ஆய்வாளர் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வில், கருக்குழாய் அடைபட்டு மலடானவர்கள் ஒருமுறை நோயுற்றோரில் சுமார் 8 சதவீதம், இருமுறை உற்றோரில் ஐந்தில் ஒரு பங்கு, மூன்று முறையோ அதற்கு மேலோ உற்றோரில் 40 சதவீதம்.

அட்டவணையின் குறை அதன் தர்க்கத்தில் இல்லை, முன்னனுமானத்தில் இருக்கிறது. மறைப்புள்ள ஓர் அறையும் கைவைத்துச் சோதிக்கப் பெண் வைத்தியரும் இருப்பதாக அது எண்ணிக்கொள்கிறது. தமிழ்நாட்டின் வேலூர்ப் பகுதியில் இளம் மனைவியரிடையே நடந்து 2005இல் வெளியான ஆய்வில், அறிகுறி இருந்தோரில் மூன்றில் இரு பங்கினர் எங்கும் காட்டவே இல்லை. பெண் வைத்தியர் இல்லை, மறைப்பில்லை, தூரம், செலவு, இது வழமையானதுதானே என்ற நினைப்பு: இவை அவர்கள் சொன்ன காரணங்கள். பனடோல் போட்டுப் படுத்துக்கொள்ளும் புத்தளத்துப் பெண்ணுக்கும் இவற்றுள் எதுவும் அந்நியமல்ல.

கணவனுக்கும் மருந்து என்று அட்டவணை ஒரே வரியில் முடித்துவிடுவது இன்னும் பாரதூரமானது. பதினான்கு நாள் டொக்சிசைக்கிளினை மனைவி ஒழுங்காக முடித்தாலும், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த கணவன் மருந்தெடுக்காமல் திரும்பினால் அடுத்த லீவில் தொற்றும் திரும்பலாம். எல்லா அழற்சியும் பாலுறவால் வருவதல்ல என்பதை அந்த வரி விளக்குவதுமில்லை. அதனால் மாத்திரைச் சிட்டையே வீட்டில் குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. பழி கருத்தடை லூப்பின் மீது விழுவதும் உண்டு. லூப்பால் கூடும் ஆபத்து பெரும்பாலும் வைத்த முதல் மூன்று வாரங்களுக்கே உரியது. அழற்சி கண்டவுடன் அதைக் கழற்றவேண்டியதுமில்லை.

ஆக, வலிக்கான முறை தேறுகிறது, வெள்ளைபடுதலுக்கானது தேறவில்லை. திட்டமோ பேற்றுக்குப் பின்னான கவனிப்புக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் தோற்கிறது. அந்த ஆண்டுகளிலும் மருத்துவ மாது குடும்பத்திட்டம் பற்றி விசாரிக்க அதே படியேறுகிறார். அடிவயிற்றில் நோவு உண்டா என்ற கேள்வியை அவருடைய பதிவேட்டில் சேர்க்கப் புதிய கட்டடம் வேண்டாம். உண்டு என்பவளை அனுப்பிவைக்கப் பெண் வைத்தியர் இருக்கும் ஒரு நாளைக் குறித்துத் தரவேண்டும்.