எழுவான்கரையில் ஒரு வளவு

எனக்கு ஒரு வீடு கட்டக் கிடைத்தால் தேற்றாத்தீவில்தான் கட்டுவேன். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே மணல். சூரியன் எழும் பக்கம் என்பதால் இது எழுவான்கரை. வாவிக்கு அப்பால் அது சாயும் படுவான்கரை. மாளிகை வேண்டாம். கிடுகு வேலி, படலை, குனிந்து நுழையும் தாழ்வாரம், விளக்குமாற்றுக் கோடு அழியாத மணல் முற்றம் போதும்.

கிணற்றடியில் ஒரு தேற்றா மரம் கட்டாயம் வேண்டும். ஊரின் பெயரிலேயே இருக்கிற மரமல்லவா! அதன் கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால், சேறு மெல்ல அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். இந்த வீடும் மகளுக்கே.