நந்தினியும் அலங்காரமும்

முழுநிலைப் பாத்திரம் நம்மை வியக்கவைக்க வேண்டும், அந்த வியப்பு நம்பும்படியும் இருக்க வேண்டும் என்று 1927இல் ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் வைத்த சோதனை, நம் நாவல் விமர்சனத்தில் பாதியாகச் சுருங்கிவிட்டது. வியப்பை எண்ணுகிறோம்; அது எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்பதில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நந்தினியை முழுநிலை மாந்தர் வரிசையில் தயங்காமல் சேர்ப்பது அதனால்தான்.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை அது. நந்தினியின் பிறப்பு, பாண்டிய மன்னன் வீரபாண்டியனோடு அவளுக்கிருந்த உறவு, பெரிய பழுவேட்டரையரை மணந்த நோக்கம் என ஒவ்வொன்றையும் கல்கி மறைத்துவைத்துத் தவணை தவணையாகத் தருகிறார். வியக்கிறோம். ஆனால் தகவல் தெரியாததால் வரும் வியப்பு, தகவல் தெரிந்ததும் தீர்ந்துவிடுகிறது. மீன் சின்னம் பொறித்த வாளை அவள் கொஞ்சும் காட்சி மறக்க முடியாதது; எனினும் அங்கே எரிவது பழிவாங்கும் வேட்கை ஒன்றே. கடம்பூர் மாளிகையில், வீரபாண்டியனைக் கொன்ற சோழ இளவரசன் கரிகாலன் முன் அந்த உறுதி தளரும் இடம் வேறு தரத்தது. பழியும் பழைய அன்பும் ஒரே மனத்தில் மோத, நந்தினி சதிகாரி என்ற அச்சை அங்கே மீறுகிறாள். அடுத்த நொடியே சதிப்பின்னல் குறுக்கிட்டு அவளைத் தன் தேவைக்கு இழுத்துக்கொள்கிறது.

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) நாவலில் கடைசிவரை பொத்திவைத்து உடைக்கும் இரகசியம் எதுவும் இல்லை. அலங்காரத்தைத் தேடிக் காதலர் சிவசு வந்துபோவதை அவள் கணவர் தண்டபாணி அறிவார், அறிந்தும் பேசமாட்டார். மறைக்க ஒன்றும் மிஞ்சாத இடத்தில்தான் அலங்காரத்தின் ஆழம் தொடங்குகிறது. மகன் அப்புவின் வேதப் படிப்பால் தன் பாவம் கழியும் என்று நம்புகிறாள், உறவையும் விடவில்லை. இரண்டில் எதையும் பாசாங்கு என்று தள்ள முடியவில்லை. அவள் காசிக்குக் கிளம்பும்போது திடுக்கிடுகிறோம். திரும்பப் படித்தால், அந்தப் பயணம் மகனைப் பாடசாலைக்கு அனுப்பிய நாளிலேயே அவளுள் தொடங்கிவிட்டது தெரிகிறது. தமிழ் நாவலின் முழுநிலைப் பெண்களில் அலங்காரத்தை முதல் வரிசையில் வைப்பேன். நந்தினிக்கு அந்த இடம் இல்லை.

ஒருநிலை மாந்தர், அதாவது மாறாத தட்டையான பாத்திரம், என்பதே குறையாகிவிடாது. ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் தடியும் வைணவ வாதமுமாக வரும் ஆழ்வார்க்கடியான் கடைசிவரை அப்படியே இருக்கிறான்; அத்தனை பெரிய கதையில் வாசகர் கண்டவுடன் அடையாளம் காண அந்த மாறாமை வேண்டும். சிவசுவின் தட்டைத்தன்மைக்கு அந்த நியாயம் கிடையாது. ஒரு குடும்பத்தையே குலைத்த ஆசைக்கு உரியவர் அவர். அலங்காரம் அவரிடம் எதைக் கண்டாள் என்பதற்கு நாவலில் விடை இல்லை. ஜானகிராமன் அந்தக் கேள்வியை நெருங்கவே இல்லை.