வியப்பும் பிரமாணமும்: அண்மைக்கால இயற்கை நூல்கள் சில

இயற்கையைப் பற்றியும் விஞ்ஞானத்தைப் பற்றியும் சென்ற பத்தாண்டுகளில் ஆங்கிலத்தில் வெளிவந்து, பொது வாசகரிடையே பெருமதிப்புப் பெற்ற நூல்களை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, அவற்றைத் தரம் பிரிக்க ஓர் அளவுகோல் போதுமென்று தோன்றுகிறது. வாசகனை வியக்க வைப்பது எளிது. அந்த வியப்புக்குப் பிரமாணம் காட்டுவதும், பிரமாணம் முடிந்து அனுமானம் தொடங்கும் இடத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவதுமே அரிது.

மரங்களைப் பற்றிய நூல்களில் இந்த அளவுகோலின் அவசியம் நன்கு விளங்கும். ஜெர்மனியில் காட்டிலாகாவில் பணிபுரிந்த பீட்டர் வோல்லெபென் 2015-இல் எழுதி, ‘தி ஹிடன் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என்று ஆங்கிலத்திலும் வந்த நூல், மரங்கள் தமக்குள் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் தன் கன்றுகளைப் பேணுகிறது என்று மானிட பாவங்களை மரத்தின்மீது தாராளமாக ஏற்றிச் சொல்கிறது. இத்தகைய கூற்றுகளுக்கு முக்கிய ஆதாரமாக நின்ற ஆராய்ச்சியைச் செய்தவர் கனடா நாட்டின் சுசான் சிமார்ட். பிர்ச் கன்றுக்கும் டக்ளஸ் ஃபர் கன்றுக்கும் தனித்தனியே பை மாட்டி, ஒன்றுக்கு ஒருவகைக் கார்பன் ஐசோடோப்பையும் மற்றதற்கு வேறுவகையையும் கொடுத்து, ஒன்று ஏற்ற கார்பன் மற்றதன் உடலில் சேர்வதையும், நிழலில் நின்ற ஃபர் கன்றுக்கு அது அதிகமாகச் செல்வதையும் கண்டு, 1997-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் தம் சகாக்களுடன் வெளியிட்டார். அந்தக் கார்பன், வேர்களை மண்ணுக்கடியில் இணைக்கும் பூஞ்சை இழைகளின் வழியேதான் சென்றதா, மண்ணின் வழியேயும் சென்றிருக்கலாமா என்ற விவாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை. இந்தப் பூஞ்சை வலைப்பின்னலைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுபவற்றுள் பல, சான்றை மீறியவை என்று 2023-இல் மூன்று விஞ்ஞானிகள் எழுதினர். அவருள் ஒருவரான மெலனி ஜோன்ஸ், 1997-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களிலும் ஒருவர். ஆகையால் சிமார்ட் 2021-இல் எழுதிய ‘ஃபைண்டிங் தி மதர் ட்ரீ’ என்னும் நூலை, பிர்ச்சைக் களையென்று கருதி மருந்தடித்து அழித்த வனக்கொள்கையை எதிர்த்து நின்ற ஒரு பெண்ணின் சுயசரிதையாகப் படித்தால் நிறைந்த பயன் உண்டு. முடிந்த சித்தாந்தமாகக் கொள்ளல் தகாது.

அதே பூஞ்சைகளைப் பற்றி மெர்லின் ஷெல்ட்ரேக் 2020-இல் எழுதிய ‘என்டாங்கில்ட் லைஃப்’ இவ்விஷயத்தில் மேலும் நிதானமானது. பச்சையமே இல்லாமல், உணவு முழுவதையும் நிலத்தடிப் பூஞ்சையிடமிருந்து பெற்றுக்கொண்டு, நீலப்பூவை மண்ணுக்கு மேல் நீட்டும் வோய்ரியா என்ற செடியைப் பனாமாக் காட்டில் ஆராய்ந்தவர் அவர். மரங்களை இணைக்கும் வெறும் கம்பியாகவே பூஞ்சையைக் கருதுவது மரத்தின் பக்கம் சாய்ந்த பார்வை என்றும், பூஞ்சைக்கும் தன் சொந்த ஜீவனம் உண்டென்றும் அவர் நினைவூட்டுமிடம் நூலின் சிகரம்.

எட் யோங் 2022-இல் வெளியிட்ட ‘ஆன் இமென்ஸ் வேர்ல்டு’ இவ்வரிசையில் தலைசிறந்தது என்பது என் துணிபு. ஒவ்வொரு பிராணியும் தன் புலன்கள் காட்டும் உலகத்திலேயே வாழ்கிறது என்று ஜேக்கப் ஃபான் உக்ஸ்க்யூல் 1909-இல் முன்வைத்த கருத்தை எடுத்துக்கொண்டு, மணம், ஒளி, வெப்பம், அதிர்வு, மின்புலம், காந்தப்புலம் என்று புலன் புலனாக ஆசிரியர் நடத்திச் செல்கிறார். நாய் மூச்சை வெளியே விடும்போது காற்று மூக்கின் பக்கப் பிளவுகள் வழியாகப் போவதால், முகர வேண்டிய மணம் சிதறாமல் மேலும் உள்ளே இழுக்கப்படுகிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சீல் என்னும் கடற்பிராணி, நீந்திச் சென்ற மீன் நீரில் விட்டுப்போன சுழிப்பை மீசை மயிரால் தொட்டுணர்ந்து பின்தொடர்கிறது. இத்தனையும் சொல்லிவிட்டு, பிற ஜீவனின் அனுபவத்தை நாம் முற்றும் அறிய இயலாதென்பதையும் அவர் மறவாமல் சொல்வதே நூலின் கௌரவம்.

சோயி ஷ்லாங்கர் எழுதிய ‘தி லைட் ஈட்டர்ஸ்’ (2024) தாவரங்களுக்கு அறிவுண்டா என்ற அபாயகரமான கேள்வியை எடுத்துக்கொள்கிறது. தான் படரும் செடியின் இலையைப் போலவே தன் இலையை மாற்றிக்கொள்ளும் போக்கிலா என்ற சிலி நாட்டுக் கொடிக்கு அது எப்படிச் சாத்தியமாகிறது என்பதில், நுண்ணுயிர்களே காரணமென்பாரும் தாவரத்துக்கு ஒருவகைப் பார்வை உண்டென்பாரும் முரண்பட, ஆசிரியை இரு பக்ஷத்தையும் கேட்டறிந்து நம் முன் வைக்கிறார்.

ராபர்ட் மக்ஃபார்லேனின் ‘இஸ் எ ரிவர் அலைவ்?’ (2025) நம் ஊரையும் தொடுகிறது. ஈக்வடாரின் லாஸ் செட்ரோஸ் மேகக்காடும் கனடாவின் முட்டெஹெகாவ் ஷிப்பு நதியும் இருபுறம் நிற்க, நடுவில் சென்னையின் அடையாறும் கூவமும் கொசஸ்தலையும் வருகின்றன. அவற்றினிடையே ஆசிரியருக்கு வழிகாட்டுபவர், ‘இன்டர்டைடல்’ நூலை எழுதிய யுவன் ஏவ்ஸ். சுரங்கத்தால் அழியவிருந்த லாஸ் செட்ரோஸை, இயற்கைக்கு உரிமையுண்டெனக் கூறும் 2008-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் பலத்தால் 2021-இல் அந்நாட்டு நீதிமன்றம் காத்தது என்பது இந்நூலின் உறுதியான பகுதி. நதியை ஒரு ஜீவனாகவே பாவித்துப் பேசும் பகுதிகளோ கவியுள்ளத்தின் வெளிப்பாடு. அவற்றை விஞ்ஞானத்தின் முடிவென்று ஆசிரியரும் சாதிக்கவில்லை.

இந்நூல்களைப் படிக்க விரும்புவோர் யோங்கிடம் தொடங்கி, ஷெல்ட்ரேக்கின் வழியாக ஷ்லாங்கரிடம் வந்து, சிமார்டையும் வோல்லெபெனையும் அதன்பின் எடுப்பது நலம். முதல் மூவரிடம் பெறும் பயிற்சி, பின்னிருவரின் பக்கங்களில் எதை ஏற்பது, எதை நிறுத்திவைப்பது என்று தாமே தீர்மானிக்கத் துணைசெய்யும். மக்ஃபார்லேனைச் சென்னைவாசிகள் எந்த வரிசையிலும் படிக்கலாம். படித்த பின், கொசஸ்தலை கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒருமுறை நேரிலும் பார்த்துவர வேண்டும்.